குறைமாதக் குழந்தையின் மூச்சு: சிஸ்டரிடம் கேளுங்கள்

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் மருந்தைக் கூட்டு, குறை என்றெல்லாம் சொல்லமாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கிற உங்களுக்கு உள்ளே நடப்பது புரியவேண்டும், அதற்குத்தான் இந்தப் பதில்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அப்பா: 29 வாரத்தில் பெண் குழந்தை, 1.1 கிலோ. பிறந்தவுடன் முனகிக்கொண்டே இருந்தாள். நுரையீரலுக்குள் ஏதோ மருந்து ஊற்றினார்கள். பன்றியிலிருந்து எடுத்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. சில கம்பெனி மருந்து பன்றி நுரையீரலிலிருந்து வருகிறது, சில மாட்டிலிருந்து. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட்.

நனைந்த பிளாஸ்டிக் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு பாடு! நுரையீரலின் காற்றுப் பைகளும் உள்ளே ஈரமானவைதான். அவை ஒட்டாமல் இருக்கச் சோப்பு நுரை மாதிரி ஒரு பொருளை நுரையீரலே சுரக்கும். அது போதுமான அளவுக்கு வர 34, 35 வாரமாவது ஆகும். உங்கள் மகள் 29-லேயே வந்துவிட்டாள். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிய பையைப் புதிதாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த முனகலும் காற்று முழுதாக வெளியேறிவிடாமல் பிடித்துவைக்க அவளே கண்டுபிடித்த வழிதான்.

மருந்து உள்ளே போனதும் பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே ஆக்சிஜன் தேவை இறங்கும். சிலருக்கு இரண்டாவது டோஸும் வேண்டியிருக்கும். இந்த நோய் முதல் இரண்டு மூன்று நாள் ஏறிவிட்டு, குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு வர வர இறங்குவதுதான் வழக்கம். அதனால் இரண்டாம் நாள் மோசமாகத் தெரிந்தால் மருந்து வீண் என்று நினைக்காதீர்கள்.

அதே அப்பா: இப்போது மூக்கில் குழாய் வைத்து, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருக்கிறார்கள். பாட்டில் கொதிப்பது போல இருக்கிறது. பயமாக இருக்கிறது சிஸ்டர்.

குமிழி வராவிட்டால்தான் நாங்கள் பயப்படுவோம். அது சிபாப். குழாய் தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் மூக்கு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். காற்றுப் பை ஒட்டாமல் நிற்க அது ஒரு முட்டு. மூச்சை இழுப்பதும் விடுவதும் அவள்தான். வயிறு கொஞ்சம் உப்பலாம், காற்று அங்கேயும் போகும். மூக்குத் தண்டு சிவந்திருந்தால் மட்டும் கூச்சப்படாமல் டியூட்டி சிஸ்டரிடம் காட்டுங்கள். அது சீக்கிரம் புண்ணாகிவிடும்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு மானிட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலறுகிறது. சில சமயம் நர்ஸ் வந்து பாதத்தைச் சுண்டிவிட்டுப் போகிறார். மூச்சே நின்றுவிடுகிறதா அக்கா?

ஆமாம்மா, சில சமயம் நிற்கிறது. மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, குறைந்த நேரமே நின்றாலும் கூடவே இதயத் துடிப்பு இறங்கினாலோ அதை அப்னியா என்போம். பாதத்தைத் தட்டினால் 'ஓ, மறந்துட்டேன்' என்பது போல மறுபடி ஆரம்பிப்பான். அதற்குத் தரும் மருந்து காஃபின். ஆமாம், காபியில் இருக்கிற அதே காஃபின்தான். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகும் சில நாள் மூச்சு நிற்காமல் இருக்கிறானா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

ஆனால் அலாரம் எல்லாமே அப்னியா இல்லை. குழந்தை காலை உதைத்தால் பாதத்தில் சுற்றிய ஒயர் நழுவும், உடனே மெஷின் கத்தும். அலாரம் அடித்தால் முதலில் மகனைப் பாருங்கள். உதடு என்ன நிறம்? நெஞ்சு ஏறி இறங்குகிறதா? நர்ஸும் அதைத்தான் முதலில் பார்க்கிறார், திரையை அல்ல.

மதுரையிலிருந்து ஒரு மாமா: தங்கை குழந்தைக்குச் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 92, 93-லேயே நிற்கிறது. ஆக்சிஜனைக் கூட்டி 100 ஆக்குங்கள் என்றால் மறுக்கிறார்கள். சிக்கனம் பிடிக்கிறார்களோ?

இல்லை. ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை இருந்தால் போதும் என்பதே கணக்கு. கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆக்சிஜன் மிஞ்சினால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும். 1940, 50-களில் மேலை நாடுகளில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் குறைமாதத்தில் பிறந்து இப்படிப் பார்வை இழந்தவர்.

ஆக்சிஜனே வைக்காமல் 98 காட்டினால் அது குழந்தை தானே சம்பாதித்தது, அதில் பயமில்லை. கண் பரிசோதனையை மட்டும் பிறந்த நான்கு வாரத்துக்குள் செய்தே ஆகவேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் பரபரப்பில் இதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு பாட்டி: ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்பார்கள். என் பேரன் எட்டாம் மாசம்.

அம்மா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், அது தப்பு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட எப்போதும் நல்லது.

1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். முப்பத்து நான்கரை வாரம், எடை 2.1 கிலோ. இதே மூச்சுத் திணறல். நாட்டின் தலைவர் பிள்ளை, பெரிய ஆஸ்பத்திரி, இருந்தும் 39 மணி நேரத்தில் போய்விட்டான். அன்றைக்குச் சிபாப்பும் இல்லை, சர்ஃபாக்டன்ட்டும் இல்லை. சிபாப் 1971-லும் சர்ஃபாக்டன்ட் வைத்தியம் 1980-லும்தான் வந்தன. அந்த எடையில் அந்த வாரத்தில் பிறந்த எத்தனையோ பேரை நானே பாலாடையில் பால் புகட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: சிபாப்பிலிருந்து எடுத்து நான்கு நாள் நன்றாக இருந்தான். நேற்று திரும்ப வென்டிலேட்டர். அவன் அழுகிற மாதிரி முகம் கோணுகிறது, சத்தம் வரவில்லை. தாங்க முடியவில்லை.

சத்தம் வராததற்குக் காரணம், குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போகிறது. குரல் போய்விடவில்லை. குழாயை எடுத்ததும் முதலில் கரகரப்பாக வரும், பிறகு சரியாகும்.

சாண் ஏறினால் முழம் சறுக்குவது இந்த வார்டில் தினசரி வழக்கம். கிருமித் தொற்று, இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருக்கும் ஒரு ரத்தக் குழாய், வெறும் களைப்பு என்று காரணம் பல இருக்கலாம். 'ஏன் திரும்ப வைத்தீர்கள், எது குறைந்தால் எடுப்பீர்கள்?' என்ற இரண்டு கேள்வியையும் ரவுண்ட்ஸ் டாக்டரிடம் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு அம்மா கேட்டபோது "ஒண்ணும் இல்லம்மா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவர் ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை என்றால் எதற்குக் குழாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தாராம். அதன் பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

அவரே: நான் செய்ய ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. பால். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, ராத்திரி ஒரு தடவை உள்பட, பீய்ச்சி எடுங்கள். முதல் நாட்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சீம்பால் குடலைக் காக்கும், தொற்றைக் குறைக்கும். வரவே இல்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் மாநிலத்தில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

அப்புறம் கை. தடவிக் கொடுக்க வேண்டாம், அந்தத் தோலுக்கு அது எரிச்சல். ஒரு உள்ளங்கை தலையில், ஒன்று பாதத்தில், அசையாமல் வையுங்கள். டாக்டர் அனுமதித்ததும் கங்காரு முறை, அதாவது உங்கள் நெஞ்சோடு தோல் படக் குழந்தையை வைத்துக்கொள்வது. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை. சிபாப் குழாயோடும் செய்யலாம். அப்பாவும் செய்யலாம், சட்டையைக் கழற்றச் சங்கடப்படுகிற அப்பாக்கள்தான் நம் ஊரில் அதிகம்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: போன வருஷம் 27 வாரத்தில் பிறந்த குழந்தையை இழந்தோம். இப்போது மறுபடி மூன்று மாதம்.

உங்கள் துக்கத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. நீங்கள் செய்த ஏதோ ஒன்றால் அது நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன பிரசவத்தின் முழுக் கதையையும் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்பார்கள், தேவைப்பட்டால் தையலோ மருந்தோ உண்டு. முன்கூட்டியே வலி வருகிற மாதிரி இருந்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நம்மூரில் அதிகம் போடுவது டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குழந்தையின் நுரையீரலை அது முன்னதாகவே தயார்ப்படுத்தும். நான்கும் முடிய நேரம் வேண்டும் என்பதால், சந்தேகமாக இருந்தால்கூட விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா: செலவு?

அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். தனியாரில் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்று முதல் நாளே கேளுங்கள், பில் வந்தபிறகு அல்ல.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா: 62 நாள் கழித்து நாளைக்கு டிஸ்சார்ஜ். மாமியார் சாம்பிராணி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். மானிட்டர் இல்லாமல் எப்படித் தூங்குவேன் என்று தெரியவில்லை.

சாம்பிராணியைப் பூஜை அறையிலும் ஏற்ற வேண்டாம், கொசுவத்தி, சிகரெட் எதுவும் அந்த வீட்டில் வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டும் கூடவே கூடாது. டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், மாமியாரோடு சண்டை வேண்டாம். சளி பிடித்த சொந்தக்காரர்கள் பிறகு வரட்டும்.

வார்டில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அது மானிட்டர் இருந்ததால். வீட்டில் மல்லாக்கத்தான் படுக்கவேண்டும், தலையணை இல்லாமல்.

முதல் ராத்திரி நீங்கள் தூங்கமாட்டீர்கள், யாரும் தூங்கியதில்லை. சத்தமே இல்லாதது காதில் அடிக்கும். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு நெஞ்சைப் பாருங்கள். விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தால், முனகினால், பால் குடிக்க மறுத்தால், ஒரு நிமிஷத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரி. உதடு நீலமானாலோ மூச்சு நின்றாலோ பாதத்தைச் சுண்டுங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். தட்டியும் மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்பதை நாளைக்கு வார்டை விட்டுக் கிளம்பும் முன் பொம்மையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிப்போய் நிற்க வையுங்கள்.