தமிழ்ப் பக்கத்தில் எபிரேயம்: சேலம் டிடிபி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேத விளக்க நூல்களுக்குப் பக்கம் கட்டும் நண்பர்கள் சேலம் பக்கமிருந்து அனுப்பிய கேள்விகள் இவை.

செவ்வாய்ப்பேட்டை நண்பர்: அண்ணா, லிப்ரே ஆபீஸ் ஸ்டைலில் எபிரேய எழுத்துரு வைத்தால் தமிழும் சேர்ந்து மாறிவிடுகிறதே?

லிப்ரே ஆபீஸ் கணக்கில் தமிழ், எபிரேயம் இரண்டுமே சிடிஎல் (சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகள்) வகைதான். ஒரு ஸ்டைலுக்கு ஒரே ஒரு சிடிஎல் எழுத்துருதான் வைக்கலாம். எபிரேயத்துக்கென்று தனி கேரக்டர் ஸ்டைல் (தேர்ந்த சொற்களுக்கு மட்டும் பொருந்தும் ஸ்டைல்) உண்டாக்கி, அதில் எழுத்துருவோடு மொழியையும் குறித்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி அச்சகத்தார்: பேஜ்மேக்கரில் செய்த பழைய நூலை இன்டிசைனுக்கு மாற்றினோம். எபிரேயம் திரும்பி நிற்கிறது என்கிறார் பாஸ்டர்.

பாஸ்டர் சொல்வது சரி. எபிரேயம் வலமிருந்து இடமாகப் படிக்கும் எழுத்து. பேஜ்மேக்கருக்கோ யூனிகோடே (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) தெரியாது. அதனால் அந்நாளில் பலர் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தட்டி ஒப்பேற்றினார்கள். எபிரேயம் படிக்கத் தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். ‘ஷாலோம்’ என்ற சொல்லைப் பாருங்கள். மூன்று கிளையுள்ள ஷின் வலது ஓரத்திலும், பெட்டி போல மூடிய மேம் இடது ஓரத்திலும் இருக்க வேண்டும். அந்த மூடிய மேம் பொதுவாகச் சொல்லின் கடைசியில்தான் வரும். அது வலது ஓரத்தில் நின்றால் சொல் திரும்பியிருக்கிறது.

தயவுசெய்து மறுபடி திருப்பித் தட்டிச் சரிக்கட்டாதீர்கள். மேற்கோள் இரண்டு வரிக்குப் போனால் பின்பாதி மேல் வரியில் ஏறிவிடும். யூனிகோடில் படிக்கும் வரிசையிலேயே தட்டி, பாராவுக்கு வேர்ல்டு ரெடி கம்போசரை (இன்டிசைனில் பன்மொழி வரிகளை அமைக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். தமிழின் கொம்பு சரியான இடத்தில் நிற்கவும் அதுதான் வேண்டும்.

ஏற்காட்டுச் சகோதரி: எபிரேயத்தில் உயிரொலியைக் காட்டும் உயிர்ப்புள்ளிகள் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றன.

எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், சகோதரி. புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்ற விவரம் எழுத்துருவுக்குள்ளேயே இருக்க வேண்டும். எஸ்ரா எஸ்ஐஎல், எஸ்பிஎல் ஹீப்ரூ இரண்டிலும் அது நன்றாக அமைந்திருக்கிறது. விற்பனைக்குப் போகும் நூலென்றால் எஸ்ராவே நல்லது. அதன் உரிமம் திறந்த உரிமம். எஸ்பிஎல் ஹீப்ரூ வணிகமில்லாத வேலைக்குத்தான் இலவசம்.

அதே சகோதரி: எபிரேயச் சொல்லுக்குப் பின் 119:105 என்று வசன எண் அடித்தால் எண் சொல்லுக்கு இடப்பக்கம் போய்விடுகிறது.

எண்ணுக்கென்று வலுவான சொந்தத் திசை கிடையாது. முன்னால் நிற்கும் எபிரேயத்தின் போக்கிலேயே போய்விடும். சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே எல்ஆர்எம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் செருகுங்கள்.

கல்லூரி மாணவர்: ஸீலாடெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் எபிரேயம் வெறும் கட்டமாக வருகிறது, சார்.

உங்கள் தமிழ் எழுத்துருவில் அந்த எழுத்துகள் இல்லை, தம்பி. பல மொழிகளுக்கான பாலிகுளோசியா தொகுப்பில் எபிரேயத்தைக் கூடுதல் மொழியாகச் சேர்த்து, அதற்குத் தனி எழுத்துரு அறிவியுங்கள். அப்புறமும் கட்டம் வந்தால் ஸீலாடெக் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ வரியைத் தேடுங்கள். எந்த எழுத்துருவில் எது இல்லை என்று அங்கேயே இருக்கும்.