நெரிசலில் மட்டும் ஏறும் முள்

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். திண்டிவனம் வரை வேகமாகப் போய்வந்தாலும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. பெருங்களத்தூர் நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் முக்கால் பாகத்தைத் தாண்டிவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் தானாகவே இறங்குகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: கழற்ற வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. நின்றுவிட்டாலோ அந்த வேலை முழுவதும் ரேடியேட்டர் ஃபேனின் தலையில் விழுகிறது. போதாக்குறைக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டன்சர், காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டையும் அதன் மேலேயே தள்ளுகிறது. ஆகவே நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கும் முள் முதலில் காட்டுவது ஃபேனைத்தான். எஞ்சின் சூடானதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்தால், எஞ்சின் அதிகச் சூட்டை உண்டாக்கும் திண்டிவனம் சாலையில்தான் உங்களுக்கு முதலில் தொல்லை வந்திருக்கும்.

பழைய வண்டிகளில் பழகிய கைகளுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஏறக்குறைய 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறந்து, எஞ்சினை அதற்குரிய சூட்டில் வைத்திருக்கும் கதவு அது. அதை எடுத்துவிட்டால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக நினைத்து வண்டியின் கணினி பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் குறையும். சில எஞ்சின்களில், ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான் என்பதால், கழற்றியபின், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, சூடு முன்னைவிட அதிகரிப்பதும் உண்டு.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்துவைத்து, வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஓரிரு நிமிடங்களுக்குள் ஃபேன் சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேக்குப் பதிலாக, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஃபேன் சுழன்றாலும் சோம்பலாகச் சுழன்றால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று ஓடும் என்பதால், விரலை அதனருகே கொண்டுபோகாதீர்கள்.

என் சொந்த வண்டியில் இதே கோளாறுக்கு இரண்டு முறை ரிலே மாற்றினேன். மூன்றாவது முறைதான், மோட்டாருக்குப் போகும் வயரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது: வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி, உள்ளே ஒரு பின் கருகிக் கிடந்தது. ரிலேயின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் முள் ஏறினால், டார்ச் அடித்துக் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுத் தூசியும் பூச்சிகளும் அங்கே கம்பளம்போல் படிந்திருந்தால் வியப்பில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். வேகமான பீச்சல் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது. உடனே ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. அது கொடுக்கும் அழுத்தத்தால்தான் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அது கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பீறிடும். ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, ரேடியேட்டர் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் சூடேறுவது, தாம்பரம் வாசகரின் கோளாறுக்கு நேர் எதிரானது: ரேடியேட்டரின் உட்குழாய்களில் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பல ஆண்டுகளாக ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றி வந்திருந்தால், குடத்தின் அடியில் படியும் அதே உப்பு அந்தக் குழாய்களிலும் படிந்திருக்கும். இனிமேல் காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட்டைக் கலந்தே ஊற்றுங்கள்.

சிவப்பில் நின்ற முள் ஓடும்போதே சட்டென்று கீழே விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கூலன்ட் முழுவதும் ஒழுகிப்போய், சென்சாரைத் தொட நீரே இல்லாதபோதும் முள் அப்படித்தான் விழும். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.