பீட்டர், பால் அண்ட் மேரி: கேளுங்கள், சொல்கிறேன்

அறுபதுகளின் அமெரிக்க ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) பாட்டை வீட்டு ரேடியோவுக்குக் கொண்டுவந்த மூவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பீட்டர் யாரோ, நோயல் பால் ஸ்டூக்கி, மேரி ட்ராவர்ஸ். (யாரோ என்பது அவருடைய குடும்பப் பெயர்தான், தமிழ் 'யாரோ' இல்லை. இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள்.) வந்த கேள்விகளில் முடிந்தவரைக்கும் பதில் சொல்கிறேன்.

அண்ணா, இவங்க மூணு பேரும் சிநேகிதர்களா, இல்ல யாராவது சேர்த்து வச்சாங்களா?

சேர்த்து வைத்தவர் ஆல்பர்ட் கிராஸ்மன். பிறகு பாடகர், பாடலாசிரியர் பாப் டிலனுக்கும் இவர்தான் மேனேஜர். 1961இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் காபிக் கடை தோறும் யாராவது கிடாரோடு உட்கார்ந்திருந்த காலம். இரண்டு ஆண், ஒரு பெண் என்று ஒரு குழு வேண்டும் என்று கிராஸ்மன் தேடிக்கொண்டிருந்தார், டேவ் வான் ராங்க் என்ற ஃபோக் பாடகரைக்கூட யோசித்திருக்கிறார். பீட்டர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துவிட்டு வந்தவர், மேரி அந்த வில்லேஜிலேயே வளர்ந்தவர், ஸ்டூக்கி மேடையில் நகைச்சுவை செய்துகொண்டிருந்தவர். எல்லோரும் நோயல் என்று கூப்பிடும் அவரை, பெயர் காதுக்கு நன்றாக விழ வேண்டும் என்பதற்காக 'பால்' ஆக்கினார்கள்.

'திட்டம் போட்டு உருவாக்கிய குழுதானே' என்று சிலர் இதை வைத்து ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேர்த்து வைத்தது மேனேஜர், சரி. ஆனால் மேடை ஏறுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்து பாடிப் பாடி மூன்று குரலை ஒன்றாக்கியது இவர்கள். முதல் மேடை அதே 1961இல், வில்லேஜில் இருந்த பிட்டர் எண்ட் என்ற கிளப்பில். அடுத்த வருடம் வார்னர் பிரதர்ஸில் வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

மத்தவங்க பாட்டைப் பாடித்தானே சார் பேர் வாங்கினாங்க?

ஆமாம், பெரும்பாலும். அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. 'இஃப் ஐ ஹேட் எ ஹேமர்' ஃபோக் பாடகர்கள் பீட் சீகரும் லீ ஹேஸும் எழுதியது. கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி சீகரைத் தொலைக்காட்சிப் பக்கமே வரவிடாமல் வைத்திருந்த காலத்தில், அவர் பாட்டை நாடு முழுக்கப் பாட வைத்தவர்கள் இந்த மூவர். 1962க்கான கிராமி விருது இரண்டு அந்த ஒரு பாட்டுக்கே கிடைத்தது.

டிலன் விஷயமும் இதுதான். 'ப்ளோயிங் இன் த விண்ட்' 1963 மே மாதம் அவர் குரலிலேயே ஆல்பத்தில் வந்துவிட்டது. ஆனால் சாதாரண ஜனங்களிடம் அது போய்ச் சேர்ந்தது அந்தக் கோடையில் இவர்கள் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) விட்டு, பில்போர்டில் இரண்டாம் இடம் வரை ஏறிய பிறகுதான். எழுதியவர் யார் என்பதையும் இவர்கள் மறைக்கவில்லை. அதே வருடம் வந்த 'இன் த விண்ட்' ஆல்பத்தின் அட்டைக் குறிப்பே டிலன் எழுதியது. ஒரு பாட்டை எழுதுபவர் ஒருவர், ஊருக்குக் கொண்டுபோகிறவர் இன்னொருவர் என்று இருப்பதில் என்ன தப்பு?

'பஃப்' கஞ்சாவைப் பத்தின பாட்டுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை, இல்லவே இல்லை. 1959இல் லெனர்ட் லிப்டன் என்ற கார்னெல் மாணவர் ஒரு டிராகன் கவிதையை பீட்டரின் தட்டச்சு இயந்திரத்தில் அடித்துவிட்டு, தாளை அதிலேயே விட்டுப் போய்விட்டார். அதைப் பார்த்த பீட்டர் வரிகள் சேர்த்து மெட்டுப் போட்டார். பாட்டு 1963இல் வந்து இரண்டாம் இடம் வரை போனபோது, எழுதினதே மறந்துபோயிருந்த லிப்டனைத் தேடிப் பிடித்து அவருக்கும் பங்கு கொடுத்தார். (லிப்டன் பிற்பாடு முப்பரிமாண சினிமாத் தொழில்நுட்பத்தில் பெரிய ஆளானார்.) டிராகனின் பெயர் 'பஃப்', அப்படியென்றால் புகை இழுப்பது, அதன் தோழனாக வரும் பையன் பெயரில் 'பேப்பர்' இருக்கிறது, அது சுருட்டும் தாள் என்று எவரோ பொருள் கட்டிவிட, அது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். பையன் வளர்கிறான், ஒரு நாள் வராமல் போகிறான். டிராகன் தலையைத் தொங்கப் போட, அதன் பச்சைச் செதில்கள் மழை மாதிரி உதிர்கின்றன, அப்புறம் அது குகைக்குள் போய்விடுகிறது. அந்த இடத்தில் மூன்று குரலும் அழுத்தாமல், அழ வைக்கவும் முயலாமல் அப்படியே சொல்லிக்கொண்டு போகும். என் மகள் வளர்ந்து தன் பொம்மைகளைப் பெட்டியில் போட்டு மூடிய வாரம் இதைக் கேட்டேன், முழுதாகக் கேட்க முடியவில்லை.

வாஷிங்டன் பேரணியில் பாடினாங்களாமே?

1963 ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவிடத்தின் முன்னால். சுமார் இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் 'எனக்கொரு கனவு உண்டு' என்று பேசிய அதே நாள். 'இஃப் ஐ ஹேட் எ ஹேமர்', 'ப்ளோயிங் இன் த விண்ட்' இரண்டையும் பாடினார்கள். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்தவர்களுக்காகவும் போய்ப் பாடினார்கள். ஹிட் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு குழு அன்றைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

'லீவிங் ஆன் எ ஜெட் ப்ளேன்' ஜான் டென்வர் பாட்டுதானே?

எழுதியவர் அவர்தான். அப்போது அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது, சாட் மிச்செல் ட்ரியோவில் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவோடும் இவர்களோடும் வேலை செய்த மில்ட் ஓகன் வழியாகப் பாட்டு இங்கே வந்தது. 1967இல் 'ஆல்பம் 1700'இல் சேர்த்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1969இல் சிங்கிளாக வந்து டிசம்பரில் முதலிடம் பிடித்தது. சிங்கிள்களில் இவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அது, அடுத்த வருடமே பிரிந்துவிட்டார்கள். மேரி தனியாகத் தொடங்கி, பல்லவியில் ஆண்கள் இருவரும் மெதுவாக அடியில் வந்து சேரும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

பீட்டர் மேல வழக்கு இருந்ததை ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?

பேச வேண்டியதுதான். ஆட்டோகிராஃப் வாங்க வந்த 14 வயதுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை 1970இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மூன்று மாதம் சிறையில் இருந்தார். 1981இல் அதிபர் கார்ட்டர், பதவி முடிவதற்கு முந்தின நாள் மன்னிப்பு கொடுத்தார். சட்டத்தின் மன்னிப்பு அது, அந்தக் குழந்தைக்கு நடந்ததை அது இல்லாமல் ஆக்கிவிடாது. எனக்கு உயிரான பாட்டுகள்தான். ஆனாலும் குழந்தைகளுக்கான ஆல்பம் போட்ட அதே காலத்தில் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது. பாட்டுக்காக இதை மறைப்பது சரியில்லை.

அப்புறம் திரும்பச் சேர்ந்தாங்களா? இப்ப யார் இருக்காங்க?

1972இல் அதிபர் வேட்பாளர் மெக்கவர்னின் தேர்தலுக்காக ஒரு தடவை, 1978இல் அணுமின்சக்தி எதிர்ப்புக்காக ஒரு தடவை, அப்புறம் நிரந்தரமாகவே. மேரிக்கு 2004இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து திரும்பவும் மேடை ஏறினார், 2009 செப்டம்பரில் காலமானார். பீட்டர் 2025 ஜனவரியில் போனார்.

புதுசா கேக்கறவங்க எதுல ஆரம்பிக்கலாம் அண்ணா?

முதல் ஆல்பத்தில். அதில் 'ஃபைவ் ஹண்ட்ரட் மைல்ஸ்', ஹெடி வெஸ்டின் பாட்டு. கிடார், ஒரு டபுள் பேஸ், மூன்று குரல், அவ்வளவுதான். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, சத்தம் குறைவாக வைத்து.