பகிர்வுச் சோதனைத்தளத்தில் முதல் வலையமைப்புச் சோதனை: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பொலிடெக்னிக்குகளுக்கும் சென்றிருக்கும் கணினித் துறை மாணவர்கள், தவணை விடுமுறையில் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை. பகிர்வுச் சோதனைத்தளம் என்பது பலர் தொலைவிலிருந்து பங்கிட்டுப் பயன்படுத்தும் ஆய்வுக் கணினிக்கூடம். எல்லாக் கேள்விகளும் அங்கே செய்யும் ஒரே சோதனையைச் சுற்றியவை: அனுப்பும் கணினி, நடுவில் ரௌட்டராக (தரவை அடுத்த பக்கம் கடத்துவதாக) வேலை செய்யும் கணினி, பெறும் கணினி ஆகிய மூன்றையும் வரிசையாக இணைத்து, வேகத்தையும் தாமதத்தையும் நாமே நிர்ணயித்து, இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி எவ்வளவு தரவைக் கடத்துகிறது என்று ஐபெர்ஃப்3 என்ற வேக அளவீட்டு நிரலைக் கொண்டு அளப்பது.

இறுதியாண்டு மாணவி: எங்கள் துறையின் பழைய செய்முறைக் கையேடு ஜெனி தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்கிறது, ஐயா. அந்த வாசல் திறக்கவே இல்லையே?

திறக்காது, தங்கையே. பழைய சோதனைத்தளங்களான பிளானெட்லேப் 2020-இலும் ஜெனி 2023-இலும் மூடப்பட்டன. இப்போது கிளவுட்லேப், ஃபேப்ரிக் ஆகிய இரண்டில் ஒன்றைப் பாருங்கள். முதல் சோதனைக்குக் கிளவுட்லேப் எளிது. அமெரிக்காவின் யூட்டா, விஸ்கான்சின், கிளெம்சன் பல்கலைக்கழகங்களில் அதன் கணினிகள் இருக்கின்றன. முழுக் கணினியையே நம் கையில் தருவதால், அதே பெட்டியில் ஓடும் பிறருடைய வேலை நம் அளவீட்டைக் குலைப்பதில்லை. மாணவர் தனியாகத் திட்டம் தொடங்க முடியாது. உங்கள் விரிவுரையாளர் திட்டத்துக்கு விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்ட பிறகு நீங்கள் அதில் சேர வேண்டும். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியில் பொதுப் பாதியை மட்டும் பதிவேற்றுங்கள்; தனிப் பாதியைக் குழுத் தோழருக்குக்கூட வாட்சாப்பில் அனுப்பாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்: எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. கைப்பேசி இணைப்புதான், மழை வந்தால் அதுவும் அறுந்துவிடும். அளவீடு கெட்டுப்போகாதா, அண்ணா?

கெடாது. அளக்கப்படும் பொட்டலங்கள் (தரவுத் துண்டுகள்) யூட்டாவிலுள்ள கணினிகளுக்கிடையே மட்டுமே ஓடுகின்றன; உங்கள் வீட்டு இணைப்பு வெறும் விசைப்பலகைக் கம்பி. ஆனால் இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையும் அதோடு நின்றுவிடும் என்பதால், உள்ளே நுழைந்தவுடன், இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடும் டீமக்ஸ் நிரலைத் திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள்.

அதே மாணவர்: இணைப்பை 100 மெகாபிட் என்று வரையறுத்திருந்தும் ஐபெர்ஃப்3 900-க்கு மேல் காட்டுகிறது. தாமதமும் 40 மில்லிவினாடிக்குப் பதில் அரை மில்லிவினாடிகூட இல்லை.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சோதனைத்தளக் கணினி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வலையமைப்பு முகங்கள் (கணினி வலையமைப்போடு இணையும் இடங்கள்) உண்டு. ஒன்று கட்டுப்பாட்டு வலையமைப்பைச் சேர்ந்தது; நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது அதன் வழியே. மற்றது நீங்கள் வரைந்த சோதனை இணைப்பு. தளத்தின் பக்கத்தில் காட்டப்படும் முழு நீளக் கணினிப் பெயரை ஐபெர்ஃப்3-க்குக் கொடுத்தால், அது கட்டுப்பாட்டு முகவரியையே குறிக்கும். உங்கள் பொட்டலங்கள் நடுக் கணினியைத் தொடாமல் நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வலையமைப்பு எல்லாருக்கும் பொதுவானது, ஆகையால் அதில் சுமையை ஏற்றுவது அடுத்தவர் சோதனையையும் பாதிக்கும். சோதனை இணைப்பின் முகவரியை, பெரும்பாலும் 10 என்று தொடங்குவதை, எண்ணாகவே கொடுங்கள்.

அளப்பதற்கு முன் அந்த முகவரிக்கு எந்த முகத்தின் வழியே பாதை போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நடுக் கணினியின் பொட்டல எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் சரிபார்க்காத அளவீட்டை நான் படிப்பதே இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கை: எது எந்த முகம் என்று தெரியாமல் ஒன்றை அணைத்துப் பார்க்காதீர்கள். கட்டுப்பாட்டு முகத்தை அணைத்தால், நீங்கள் நிற்கும் வாசலையே வெளியிலிருந்து பூட்டிக்கொள்வீர்கள்.

பொலிடெக்னிக் மாணவி: தாமதத்தை அனுப்பும் கணினியிலேயே வைக்கக் கூடாதா? நடுவில் இன்னொரு கணினி எதற்கு?

இந்தக் கணினிகளின் இயங்குதளமான லினக்ஸ், டிசிபி அனுப்பும் தரவு தன் சொந்த வரிசையில் அதிகம் தேங்காதபடி பார்த்துக்கொள்கிறது. தாமதத்தை அதே கணினியில் வைத்தால், அந்தக் காவலும் உங்கள் செயற்கைத் தாமதமும் ஒன்றோடொன்று சிக்கி, உண்மையான இணைப்பில் நிகழாத ஒன்றை அளந்துகொண்டிருப்பீர்கள். நடுக் கணினியில் வைத்தால் அனுப்புநருக்கு அது வெறும் தொலைவாகவே தெரியும். நடுக் கணினியின் இருபுறமும் 20 மில்லிவினாடி வைத்தால், பொட்டலம் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் 40 காட்டும்; இருபுறமும் 40 வைத்துவிட்டுப் பிங் ஏன் 80 காட்டுகிறது என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள்.

அதே மாணவி: எல்லாம் சரியாக இருந்தும் 100 மெகாபிட் இணைப்பில் வேகம் 95.6 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மீதி எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. 1500 பைட் பொட்டலத்தில் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20, நேரமுத்திரை 12 பைட்டுகளைக் கழித்தால் உங்கள் தரவு 1448 பைட். லினக்ஸ் வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து 1514 என்று கணக்கிடுகிறது. 1448-ஐ 1514-ஆல் வகுத்தால் 95.6 விழுக்காடு. உண்மையான 100 மெகாபிட் கம்பியாக இருந்தால் கம்பியில் பிடிக்கும் இடம் 1538 பைட், ஆகவே 94.1 கிடைக்கும். அறிக்கையில் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

முதுகலை மாணவர்: வேகத்தை 1 கிகாபிட்டாகவும், தரவு செல்லும் திசையில் தாமதத்தை 100 மில்லிவினாடியாகவும் வைத்தேன். பொட்டல இழப்பை நான் அமைக்கவே இல்லை. ஆனாலும் இழப்பு வருகிறது.

தாமதத்தை உண்டாக்கும் நெட்எம், பொட்டலங்களை அவ்வளவு நேரம் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். அதன் இயல்பான கொள்ளளவு 1000 பொட்டலம். 1 கிகாபிட் வேகத்தில் 100 மில்லிவினாடிக்குள் 12.5 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 8,300 முழுப் பொட்டலங்கள் வந்துவிடும். பொட்டலங்களை ஒட்டிப் பெரிதாக்கும் வசதியை நிறுத்தியிருந்தால், 120 மெகாபிட்டைத் தாண்டியவுடனே நெட்எம் தானாகக் கொட்டத் தொடங்கும். கொள்ளளவை 10,000-க்கு மேல் உயர்த்துங்கள். இல்லாவிட்டால், வேகக் கட்டுப்பாட்டைத் தரவு செல்லும் திசையிலும், தாமதத்தை ஒப்புகை (‘தரவு வந்தது’ என்று பெறுநர் அனுப்பும் செய்தி) திரும்பும் திசையிலும் வையுங்கள். எனக்கு இந்த இரண்டாம் முறையே உகப்பு, ஏனெனில் ஒன்றின் வரிசை மற்றதன் வரிசையோடு குழம்பாது. இதற்குப் பிறகும் வேகம் ஏறாவிட்டால் டிசிபியின் நினைவக வரம்பைப் பாருங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பல படிமங்களில் (கணினியில் ஏற்றும் ஆயத்த நகல்களில்) அனுப்பும் பக்க உச்சம் 4 மெகாபைட். அதை வைத்துக்கொண்டு 12.5 மெகாபைட்டைப் பாதையில் நிரப்ப முடியாது.

அதே மாணவர்: அப்படியானால் எல்லா வரிசைகளையும் முடிந்தவரை பெரிதாக வைத்துவிடலாமா?

வைக்கக் கூடாது. தாமதத்தை உண்டாக்கும் வரிசை வேறு, இணைப்பின் குறுகிய வாயிலில் நிற்கும் வரிசை வேறு. செம்பனை ஆலையின் எடைப்பாலத்துக்கு முன்னால் நிறுத்துமிடத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஒரு மணி நேரத்தில் எடை போடப்படும் லோரிகள் கூடுவதில்லை. கடைசி லோரி காத்திருக்கும் நேரம்தான் கூடும். 10 மெகாபிட் வாயிலில் 1000 பொட்டலம் நிற்க இடம் கொடுத்துப் பாருங்கள்: லினக்ஸில் டிசிபியின் இயல்பான வேகக் கட்டுப்பாட்டு முறையான க்யூபிக் அதை நிரப்பிவிடும், 40 மில்லிவினாடியாக இருந்த பிங் 1.2 வினாடிக்கு மேல் போகும். ஐபெர்ஃப்3 காட்டும் வேகம் அப்படியே இருக்கும். ஆகவே வேகத்தை அளக்கும்போதே இன்னொரு சாளரத்தில் பிங்கையும் ஓடவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்: க்யூபிக், இன்னொரு கட்டுப்பாட்டு முறையான பிபிஆர் இரண்டையும் ஒப்பிட்டால் செயல்திட்டத்துக்குப் போதுமா?

இரண்டும் உபுண்டுவிலேயே இருப்பதால் வசதியானதுதான். ஆனால் இழப்பே இல்லாத, ஆழமான வரிசை கொண்ட இணைப்பில் இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். வரிசையைச் சுருக்கியும், 1 விழுக்காடு இழப்பைச் சேர்த்தும் பாருங்கள். வேறுபாடு அப்போது வெளிப்படும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட முடியுமா?

அதற்குச் சோதனைத்தளம் வேண்டாம், ஐயா. லினக்ஸ் போட்ட ஒரு மடிக்கணினியில், ஒரே கணினிக்குள் முழு வலையமைப்பையும் போலியாக எழுப்பும் மினிநெட் போதும்.

இறுதியாண்டு மாணவி: காலையில் பார்த்தபோது கணினிகளே இல்லை, முடிவுகளும் போய்விட்டன. மீட்க வழி உண்டா?

இல்லை. கிளவுட்லேப்பில் இயல்பான கால அளவு 16 மணி நேரம், ஃபேப்ரிக்கில் 24 மணி நேரம். அது முடிந்தால் கணினி அடுத்தவருக்காகத் துடைக்கப்படும். ஒவ்வோர் ஓட்டம் முடிந்தவுடனும் கோப்பை உங்கள் மடிக்கணினிக்கு நகலெடுங்கள். அமைப்பையும் கட்டளைகளையும் ஒரு நிரல்கோப்பாக வைத்திருந்தால் எல்லாவற்றையும் விரைவில் மறுபடி எழுப்பலாம். காலம் போதாது என்று தெரிந்தால் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். எத்தனை ஓட்டம் மீதி, எந்த நாளில் முடியும் என்று காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். யூட்டாவில் பகல் நம் இரவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஆள் பார்த்து இசைவு தர வேண்டிய நீட்டிப்பை நீங்கள் காலையில் கேட்டால், அங்கே அது மாலை நேரம், மறுமொழி வர மறுநாள் ஆகலாம். வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டால் நீங்களே கணினிகளை விடுவித்துவிடுங்கள்.