தண்ணீரைக் குறைய விடுங்கள்

கேள்வி: மின்சாரம் இல்லாததால், மண்ணில்லாமல், மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீரில் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ளது) கரைத்து லெட்டூஸ் வளர்க்கிறேன். மூன்று வாரம் செழித்தது. தினமும் மாலையில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி வந்தேன். இப்போது உச்சி வெயிலில் இலைகள் துவள்கின்றன. வேர் பழுப்பேறி வழவழக்கிறது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் வேர் டானிக்கும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மோட்டாரைப் பற்றிக் கேட்ட நீங்கள், 'ஏன் நிரப்புகிறேன்?' என்று கேட்டிருக்க வேண்டும். செடியைக் கொன்றது அந்த அக்கறைதான்.

மோட்டார் இல்லாமல் தேங்கிய தண்ணீரில் வளர்க்கும் இந்த முறையை வகுத்தவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி. முதல் நாள் தண்ணீர், மூடியில் செடியோடு தொங்கும் சிறு சட்டியின் அடியைத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரக்காற்று நிற்கும். அங்கே தொங்கும் மேல்வேர்கள் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கப் பழகிவிடும். அவற்றைத் திடீரென மூழ்கடித்தால் மூச்சு முட்டும், பிறகு அழுகும். தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுவது இதனால்தான். மோட்டார் செய்ய வேண்டிய வேலையை அந்த இடைவெளியே செய்கிறது. அதை நீங்கள் தினமும் மாலையில் அடைத்துவிட்டீர்கள்.

எனவே பெரிய டப்பா எடுங்கள். ஒரு லெட்டூஸுக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் விட்டால் அறுவடைவரை திறக்கவே வேண்டியதில்லை. வெயில் கடுமையாகித் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால், உரத்தைப் பாதியாகக் குறைத்துக் கரைத்து ஓரிரு அங்குலம் மட்டும் ஊற்றுங்கள். மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

சூடும் சேர்ந்திருக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். அழுகல் பூஞ்சைக்கோ வெதுவெதுப்பு கொண்டாட்டம். டப்பாவுக்கு வெளியே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசுங்கள். ஒளி புகாவிட்டால் பாசியும் வராது.

19:19:19 மண்ணுக்கான உரம். அதன் தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியாவும் அம்மோனியமும். அவற்றைச் செடி விரும்பி எடுக்கும் நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் உங்கள் டப்பாவில் போதுமான அளவு இல்லை. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) அறவே கிடையாது. லெட்டூஸின் உள்ளிலை நுனி கருகுவது அந்தக் குறையால்தான். கால்சியம் நைட்ரேட்டையும் நுண்சத்துகள் உள்ள ஹைட்ரோபோனிக் (மண்ணில்லா வளர்ப்பு) உரத்தையும் தனித்தனியே நிறையத் தண்ணீரில் கரைத்த பிறகே ஒன்றாக ஊற்றுங்கள். கெட்டியாகக் கலந்தால் வெண்மையாகப் படிந்து வீணாகும். கார அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். அதை அளக்கும் தாளைப் பற்றி எந்தக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை, டானிக்கில்தானே லாபம்!

வழவழத்த செடிகளைப் பிடுங்கி எறிந்து, டப்பாக்களை பிளீச்சிங் கரைசலில் கழுவுங்கள். வேர் இன்னும் வெளுப்பாக உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்றே இறக்கிவிட்டு, கொசு நுழையாமல் மூடியின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்.