2147483647: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சென்ற வாரம் எங்கள் இருப்புப் பட்டியலில் ஒரு ரக நூலுக்கு நேராக 2147483647 என்று வந்து நின்றுவிட்டது. சாஃப்ட்வேர் பார்க்க வந்த தம்பி, "அதுக்கு மேல எண்ண வராதுங்க, அது பகா எண்ணுங்க" என்றார். பகா எண் என்பதால்தான் அங்கே நிற்கிறதா? இவ்வளவு பெரிய எண் எதனாலும் வகுபடாது என்பதை ஒவ்வொன்றாக வகுத்தா கண்டுபிடித்தார்கள்?

க. செ., திருப்பூர்

அன்புள்ள க. செ.,

தம்பி சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றுக்கு மற்றது காரணமல்ல. உங்கள் கணினி அந்த எண்ணை 32 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 மட்டுமே எழுதக்கூடிய 32 இடங்களில், எழுதுகிறது. கூட்டல், கழித்தல் குறிக்கு ஓரிடம் போக, மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பிவிட்டால் கிடைக்கும் மதிப்புதான் இது. அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. பகா எண்ணாக அமைந்தது தற்செயல். பழைய 16 பிட் கணக்கின் உச்சமான 32767 ஏழால் வகுபடும். அதிலுள்ள 15 ஒன்றுகளை மூன்று மூன்றாகக் கட்டிப் பாருங்கள்: 111 111 111 111 111. இரும எண்முறையில் 111 என்பது 7. ஒவ்வொரு கட்டும் ஏழாக இருக்கும்போது மொத்தம் ஏழால் வகுபடாமல் எங்கே போகும்? 64 பிட்டின் உச்சத்தில் உள்ள 63 ஒன்றுகளையும் இப்படியே கட்டலாம். 31ஐ எப்படிக் கட்டினாலும் மிச்சம் விழும்.

மிச்சம் விழுவது மட்டும் போதாது. கல்லூரி நாட்களில் நான் சறுக்கிய இடம் இது. 11 பகா எண்தான், அதைக் கட்டினாலும் மிச்சம் விழும். ஆனால் 11 ஒன்றுகளின் மதிப்பான 2047, 23ஐ 89ஆல் பெருக்கினால் வருவது. நேற்று ஈரோட்டு மஞ்சள் மண்டி ரசீது ஒன்றின் பின்புறத்தில் இதை மறுபடி போட்டுப் பார்த்தேன். 23, 89 இரண்டையும் 22ஆல் வகுத்தால் மீதி 1. எட்டால் வகுத்தால் மீதி 7, 1. இது பொது விதி: 31 ஒன்றுகள் கொண்ட எண்ணுக்குப் பகா வகுஎண் ஏதேனும் இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது 1 மீதி வர வேண்டும், எட்டால் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி தரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

அதிலும் வர்க்கமூலமான 46340க்கு மேல் போக வேண்டியதில்லை, ஏனெனில் ஓர் எண் இரண்டாகப் பிரியுமானால் ஒரு காரணி அதற்குள் இருந்தே தீரும். அந்த எல்லைக்குள் இருப்பவை 373 எண்கள்தாம். 1772இல், பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட கணித மேதை ஆய்லர், கணிதவியலாளர்களான பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வழியில்தான் இதைப் பகா எண் என்று அறிவித்தார். (ஒரு கடிதத்தில்தான், கவனியுங்கள்.) அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இதைவிடப் பெரிய பகா எண் எவருக்கும் தெரியவில்லை.

373இலும் 63, 249 போலத் தாமே பகுபடுபவற்றை விட்டுவிடலாம். முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள், 35 மீதி வரும். அடுத்து 1303 வரை எதுவும் இல்லை.