மரபணு அறிக்கை இருக்கட்டும், அப்பாவை நாளைக்கே காட்டுங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகருக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் உங்கள் மரபணு அறிக்கையும் உங்கள் தசைத் துடிப்பும், தசையை அசைக்கும் நரம்பணுக்கள் சாகும் இயக்க நரம்பு நோய் உங்களுக்கும் வருமோ என்ற பயமும்தான். எனக்குக் கவலை தந்தது, நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரி. 62 வயது அப்பாவுக்கு ஒரு வருடமாகக் குரல் கம்மிவிட்டது, கைச்சதை வற்றிவிட்டது. இரவில் சத்தமாக மூச்சிழுக்கிறார்; மல்லாந்து படுக்க முடியாமல் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறார்.

வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்து வருகிறீர்கள். இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆஸ்துமாவின் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது விசில் போல வரும். உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் அடைப்பு தொண்டைப் பக்கம். வெறும் குறட்டையாகவும் இருக்கலாம். ஆனால் குரலும் கம்மியிருக்கும்போது, குரல்நாண்கள் விலகி வழிவிடவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். நாளைக்கே பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதைக் காட்டி, கேமராக் குழாய் விட்டுக் குரல்நாண்களின் அசைவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்லாந்து படுக்க முடியாததற்கு இதயமும் காரணமாகலாம், அதனால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் வேண்டும். இதயம் சரியாக இருந்தால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை என்று மூச்சின் அளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்வார்கள். படுக்கும்போது அளவு 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பார்க்க வேண்டும். அது 45 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால், இரவில் முகமூடி வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் பைபாப் கருவி தேவைப்படும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி 96 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். மூச்சுத் தசை தளரும் நோயில் அந்த எண் கடைசி வரை நன்றாகவே இருந்துவிட்டுத் திடீரென்று விழும். அதை நம்பாதீர்கள்.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கும் அல்பிரசோலம் இன்றிரவு வேண்டாம். இப்படி மூச்சு விடுகிறவருக்கு அந்த மாத்திரை ஆபத்து. தினமும் வாரக்கணக்கில் கொடுத்திருந்தால், சட்டென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு; எப்படி நிறுத்துவது என்று இன்றே ஒரு மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். வாடகைக்கு ஆக்சிஜன் கருவி எடுக்கும் யோசனையும் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருந்தால் ஆக்சிஜன் அதை இன்னும் ஏற்றி, ஆளை எழுப்ப முடியாத மயக்கத்தில் தள்ளும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் அடுத்த மாதம் நரம்பியல் தேதி வாங்கியிருப்பது நல்லது, கட்டாயம் போங்கள். மூச்சு விஷயம் அதுவரை காத்திருக்காது.

இனி அந்த மரபணு. டி.சி.டி.என்.1 என்பது டைனாக்டின் என்ற புரதத் தொகுதியின் மிகப் பெரிய துண்டை உருவாக்கும் மரபணு. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் இயக்க நரம்பணுவின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் நுனியில் சேரும் கழிவையும் செய்திகளையும் டைனீன் என்ற இழுவைப் புரதம் உள்ளே கொண்டுவருகிறது. வாளையார் வழியே போகும் லாரிக்கு டைனீனை ஒப்பிட்டால், சரக்கை லாரியோடு பிணைக்கும் கொக்கி டைனாக்டின். கொக்கி பழுதானால் சரக்கு வழியிலேயே தேங்கி, நீளமான நரம்பணுக்கள் மெல்லச் சாகின்றன. 2003-இல் ஒரு குடும்பத்தில் இந்தப் பழுதைக் கண்டார்கள்: 1,278 அமினோ அமிலங்களில் 59-ஆவது மாறியிருந்தது. அவர்களுக்குக் குரல்நாண் தளர்ச்சி, பிறகு முகமும் கைகளும் தளர்ந்தன. இதைப் படித்துத்தான் பயந்திருக்கிறீர்கள்; அப்பாவின் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் சந்தேகத்தில் நியாயம் உண்டு.

ஆனால் பரிசோதனை தவறான ஆளுக்கு நடந்திருக்கிறது. நோய் அப்பாவுக்கு, ரத்தம் கொடுத்தது நீங்கள். உங்கள் அறிக்கையில் இருப்பதும் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’, அதாவது நோய்க்குக் காரணமா இல்லையா என்று தெரியாத மாற்றம். நோயோடு உறுதியாகத் தொடர்புடைய மாற்றங்கள் பெரும்பாலும் புரதத்தின் தொடக்கப் பகுதியில் கூடியிருக்கின்றன. உங்களுடையது அங்கிருந்து வெகு தூரம் தள்ளி. இப்படிப்பட்ட மாற்றங்கள் ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படுகின்றன. அந்த ஒரே மாற்றம் அப்பாவிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் அம்மா வழி வந்ததாக இருக்கும், அப்பாவின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. நோய்க்காரணமான மாற்றம் என்று உறுதியானால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற பேச்சே வரும். ஆறு வயது மகளுக்குப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நடுவயதில் வரக்கூடிய நோய்க்குச் சிறு குழந்தையைச் சோதிக்கக் கூடாது.

அப்பாவின் கையை மரபணு என்று முடிவு கட்டுவதற்கு முன் சுண்டுவிரலைப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். இயக்க நரம்பு நோயில் தொடுஉணர்வு கெடாது. உணர்வு குறைந்து, முழங்கை நரம்பு தடித்திருந்தால் தொழுநோயைத் தேட வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. கழுத்துப் பகுதி முதுகெலும்பு நரம்பை நசுக்குவதும் கைச்சதையை வற்ற வைக்கும். கழுத்து எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் சோதனை, தசையின் மின் துடிப்பைப் பார்க்கும் இ.எம்.ஜி. மூன்றும் முடியாமல் யாரும் பெயர் வைக்கக் கூடாது. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த அந்த வகை இயக்க நரம்பு நோய் இளவயதில் தொடங்கும், பலருக்குக் காதும் மந்தமாகும். 61 வயதில் தொடங்கிய உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தவில்லை.

உங்கள் கண்ணிமைத் துடிப்பும் கெண்டைக்கால் துடிப்பும் பலம் குறையாதவரை ஒன்றுமில்லை. குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடக்கிறீர்கள், சட்டைப் பொத்தான் போடுகிறீர்கள், சதை வற்றவில்லை. தூக்கமின்மையும் நாளுக்கு ஆறு டீயும் போதும் இதற்கு. விடியும் வரை இணையத்தில் நோய்ப் பட்டியல் படிப்பதை நிறுத்துங்கள்.

நோய் வருமுன் காக்க என்று நீங்களே வாங்கி விழுங்கும் ரிலுசோலை இன்றோடு நிறுத்துங்கள். இயக்க நரம்பு நோய் உறுதியானவர்களுக்கு 50 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை கொடுக்கும் மருந்து அது. அவர்களுக்கே முதல் மூன்று மாதம் மாதந்தோறும் கல்லீரல் சோதனை செய்கிறோம். நோயில்லாதவரை அது காக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கல்லீரல் சோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் இந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

அப்பா உட்கார்ந்து விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தால், ஒரே மூச்சில் 15 வரை எண்ண முடியாவிட்டால், அல்லது காலையில் எழுப்பினால் விழிக்கத் திணறினால், புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். 108-ஐ அழைத்து, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு போகச் சொல்லுங்கள். வண்டியில் அவரைப் படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே வரட்டும்.